தங்கபுஷ்பத்துக்கு ஒரு புத்தகம்

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேல் மாடியில், அகில பாரத ஆத்ம நூல் பரிந்துரைச் சபை என்று ஒன்று இருந்தது. பாரதத்தின் மற்றப் பகுதிகளுக்கு இது தெரியாது. யாருக்கு, எந்த மனநிலையில், எந்த ஆன்மிகப் புத்தகம் ஏற்றது என்று ஆராய்ந்து சொல்வது அதன் வேலை. பக்திப் புத்தகங்கள் ஊரில் மலிந்துவிட்டன, கண்டதைப் படித்துவிட்டு ஜனங்கள் கண்டபடி முக்தி அடைந்துவிடக் கூடாதே என்ற கவலையில் நாலைந்து பெரியவர்கள் கூடி ஆரம்பித்தார்கள். எழுபத்து மூன்றாம் வருஷம் வரைக்கும் அப்படி ஒரு விபத்தும் நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் கணேசமூர்த்தி அந்த மாடிப்படியைத் தேடிக்கொண்டு வந்தார். தி. நகர் ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர். பூர்வீகம் சாத்தூர்ப் பக்கம். முக்தியைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் ஏதும் கிடையாது. கடையைத் திறக்கும்போது பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, மூடும்போது ஒரு கும்பிடு, அவ்வளவுதான் அவருடைய பக்தி. அவர் வந்தது மனைவி தங்கபுஷ்பத்துக்காக.

பிள்ளை இல்லாத வீட்டில் தங்கபுஷ்பம் தன் தம்பி துரைராஜைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஊரில் எங்கே கூட்டம் நடந்தாலும் போய் நின்று கேட்டுவிட்டு வந்து, பேசியவர்களைப் போலவே பேசிக் காட்டுவான். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, கரண்டியை மைக்காகத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பான். அக்காக்காரி அடுப்பை மறந்து சிரிப்பாள். கார்த்திகையில் மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து, ஆஸ்பத்திரி என்று அலைந்துகொண்டிருக்கும்போதே போய்விட்டான். சாவு வீட்டில் எல்லோரும் அழுதார்கள். தங்கபுஷ்பம் அழவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு "சோறு வைக்கவா", "கதவைச் சாத்தவா" என்பதைத் தவிர அவளிடமிருந்து பேச்சில்லை. மத்தியானங்களில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கணேசமூர்த்திக்குத் தன் வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது.

ஒரு நாள் சாப்பாடு போட்டுவிட்டு அவளாகவே வாயைத் திறந்தாள்.

"இங்கேருங்க. மனசுக்கு ஏதாச்சும் நல்ல புஸ்தகம் இருந்தா வாங்கிட்டு வாங்க. சாமி புஸ்தகம்னாலும் சரி."

கார்த்திகைக்குப் பிறகு அவள் கேட்ட முதல் பொருள். அந்தச் சந்தோஷத்தில் அவருக்குக் கை கழுவக்கூட மறந்துவிட்டது. அன்றைக்கே பாண்டி பஜாரில் ஒரு புத்தகக் கடைக்குப் போனார். தரையிலிருந்து கூரை வரைக்கும் சாமி புத்தகம். பாத்திரமென்றால் சுண்டிப் பார்த்துத் தரம் சொல்லிவிடுவார். புத்தகத்தைச் சுண்டினால் ஒன்றும் தெரியவில்லை. தப்பான புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடிவைத்துவிட்டால், மறுபடியும் வாய் திறந்து எதையும் கேட்க மாட்டாள் என்று தோன்றியது. வெறுங்கையோடு திரும்பிவிட்டார். மறுநாள் டபரா வாங்க வந்த மயிலாப்பூர் மாமா ஒருவர்தான் சபையைப் பற்றிச் சொன்னார். இதற்கென்றே படித்தவர்கள் உட்கார்ந்து சொல்கிறார்கள் என்றதும் கணேசமூர்த்திக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. மீதிப் பாரத்தோடு பனகல் பார்க்கில் பஸ் ஏறினார்.

மாடிப்படிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் சபையின் காவலாள் சேட்டு.

"இன்னா நைனா, புக்கு எய்தினு வந்துகிறியா?"

"எழுதல. படிக்கிறதுக்கு ஒரு புஸ்தகம் கேட்க வந்தேன்."

சேட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"படிக்கவா? இங்க எய்தறவன்தான் வருவான். படிக்கறேன்னு வந்தவன் நீதான் மொத ஆளு. மேல போ, பாத்து சொல்லு, செக்ரெட்ரிக்கு ஹார்ட்டு வீக்கு."

செயலாளர் சந்தானம் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால் கண்ணாடி பீரோக்களில் புத்தகங்கள் வரிசையாக நின்றன. ஒன்றாவது யார் கையிலாவது பட்ட மாதிரி தெரியவில்லை. கணேசமூர்த்தி விஷயத்தைச் சொன்னார்.

"தம்பி தவறிட்டான் அய்யா. அவ பேச மாட்டேங்கா. மனசுக்கு ஆறுதலா ஒரு புஸ்தகம் சொன்னீகன்னா வாங்கிட்டுப் போயிருவேன்."

"அப்படிப் பொதுப்படையாக் கேக்கப்படாது. பக்தி மார்க்க ஆறுதலா, ஞான மார்க்க ஆறுதலா?"

"எதுனாலும் சரிங்க. ராத்திரி தூங்குனாப் போதும்."

"சரி. அவாளோட படித்தரம் என்ன?"

"எட்டாங் கிளாஸ். சாத்தூர்லயே."

சந்தானம் கண்ணை மூடிக்கொண்டார். வலி பொறுத்துக்கொள்ளும் முகம்.

"நான் கேட்டது ஆத்மாவோட படித்தரம். அதை நீங்களோ நானோ சொல்ல முடியாது. கமிட்டிதான் நிர்ணயம் பண்ணணும்."

"அந்த பீரோவுல இருக்குறதுல ஒண்ணக் குடுத்தீகன்னா…"

"அதெல்லாம் பரிந்துரைக்கப்பட்ட புஸ்தகம். தொடப்படாது."

கமிட்டி எப்போது கூடும் என்று கேட்டார் கணேசமூர்த்தி. ஏகாதசிக்கு ஏகாதசி கூட வேண்டுமென்பது சபையின் விதி என்றார் சந்தானம். "ஆனா ஏகாதசியன்னிக்கு டிபன் கிடையாது பாருங்கோ, அதனால கோரத்துக்கு வேண்டிய ஆள் சேர்றதில்லை. மறுநாள் துவாதசி, எல்லாரும் பாரணைச் சாப்பாடு சாப்பிட்டுட்டு ஆத்துல படுத்துடுவா. அதுக்கு மறுநாள் பிரதோஷம், கோவிலுக்குப் போயிடுவா. அதனால சதுர்த்தசியன்னிக்கு வாங்கோ. மூணு நாள் முன்னாலேயே விரதம் இருந்த பலன் அந்த மீட்டிங்குக்கு இருக்குன்னு ஐதீகம்."

கணேசமூர்த்தி வீட்டுக்குப் போனார். தங்கபுஷ்பம் கையைப் பார்த்தாள்; வெறுங்கை. தட்டை வைத்தாள். "சொல்லியிருக்கேன், வந்துரும்," என்றார் அவர். கடைக்கு வருகிறவர்களிடம் சரக்கு வராததற்குச் சொல்லும் அதே வார்த்தை. தனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

சதுர்த்தசியன்று கமிட்டி கூடியது. தலைவர் வைத்தீஸ்வரன் ஓய்வுபெற்ற நீதிபதி. துணைத் தலைவர் நெடுஞ்செழியன் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். வைத்தீஸ்வரன் சரி என்றால் நெடுஞ்செழியன் தவறு என்பார். அதற்காகத்தான் ஆளுக்கொரு பதவி. தலையாட்ட இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். போண்டா வந்தது. அது தீர்ந்து, காபி வந்து, அதுவும் தீர்ந்த பிறகு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணேசமூர்த்தி மேல் தலைவரின் பார்வை விழுந்தது.

"சகோதரன் மறைந்தபோது அம்மையார் அழுதாரா?"

"இல்லீங்கய்யா. அன்னைக்கும் அழல. இன்னைக்கு வரைக்கும் அழல."

"அழவில்லை. நல்லது," என்றார் வைத்தீஸ்வரன். "இன்பத்தையும் துன்பத்தையும் சமமாகப் பாவிப்பது ஞானியின் லட்சணம். அந்த அம்மாள் ஏற்கெனவே ஞானி. ஞானிக்குப் புத்தகம் தேவையில்லை. மனு தள்ளுபடி."

நெடுஞ்செழியன் எழுந்தார். அவர் உட்கார்ந்தபடி பேசுவதில்லை. தண்ணீர் கேட்பதற்கும் எழுந்துதான் கேட்பார்.

"தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். உடன்பிறந்தான் மறைவுக்கு உருகாத உள்ளம் கல்லுள்ளம். கல்லுள்ளத்தை ஞானம் என்பதை என் தமிழ் நெஞ்சம் ஏற்க மறுக்கிறது. கல்லுக்கு நூல் பரிந்துரைப்பது இச்சபையின் மரபன்று. எனவே நூல் கூடாது."

சபையின் வரலாற்றில் முதல் முறையாகத் தலைவரும் துணைத் தலைவரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். மூன்று பேரும் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் திகைத்துப் போனார்கள். கணேசமூர்த்தி மெதுவாக எழுந்து நின்றார்.

"அவ ஞானியும் இல்ல, கல்லும் இல்லங்கய்யா. என் வீட்டுக்காரி. ஒரு புஸ்தகம் கேட்டா. அம்புட்டுதான்."

 சந்தானம் தலைவரின் காதில் குனிந்து ஏதோ சொன்னார். சபை அடுத்துப் பரிந்துரைக்க இருந்தது ‘சாந்தி சாகரத் திறவுகோல்’ என்ற புத்தகம். இத்தனை வருஷமாக மேடையில் பரிந்துரைப்பவர்கள் இருந்தார்களே தவிர, பரிந்துரையைப் பெற்றுக்கொள்ள ஒரு ஆள் இருந்ததில்லை. உண்மையான வாசகர் ஒருவரை மேடையில் நிறுத்தினால் பத்திரிகையில் படம் போடுவார்கள். தலைவரின் முகம் மலர்ந்தது, மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"இன்னைக்கே குடுத்துருவீகளாய்யா?"

"பரிந்துரைங்கறது காதோட சொல்ற சமாச்சாரமில்லை," என்றார் சந்தானம். "மேடை போட்டுச் சொன்னாத்தான் பரிந்துரை. பங்குனியில விழா. நீங்க பாத்திரக் கடைக்காரர், விழா டிபனுக்கு ரெண்டு அண்டாவும் நாலு பேசினும் குடுத்தனுப்புங்கோ. முடிஞ்சதும் அலம்பித் திருப்பிடுவோம்."

கணேசமூர்த்தி தலையாட்டினார். போகும்போது மனசு கேட்காமல் ஒன்று கேட்டார்.

"அந்தப் புஸ்தகம் நல்லா இருக்குங்களாய்யா? படிச்சீகளா?"

 கோவிலில் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பது போல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அறியாமல் கேட்டுவிட்டான் என்று தலைவர் மன்னித்தார்.

"நண்பரே, படித்தால் அபிப்பிராயம் ஏற்பட்டுவிடும். அபிப்பிராயம் ஏற்பட்டவன் நடுநிலை இழந்தவன். பெஞ்சில் இருந்த காலத்திலேயே எனக்கு இதுதான் கொள்கை. கேஸ் கட்டைப் பிரித்துப் படித்தேன் என்று ஒரு வக்கீலும் என்மேல் குறை சொன்னதில்லை."

கீழே இறங்கி வந்தபோது சேட்டு கேட்டார்.

"கெடச்சுதா?"

"விழா வைக்காகளாம். அண்டா கேட்டிருக்காக."

"போன தபா சாமியானாக்காரன் ஒர்த்தன் மாட்னான். சாமியானா இன்னும் மேலதான் கீது. அத்த மட்ச்சுப் போட்டுதான் நான் பட்த்துக்கினு கீறேன். உன் இஷ்டம் நைனா."

பங்குனியில் விழா நடந்தது. வெயிலோடு மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. மைக் நின்றது, மின்விசிறி நின்றது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. கணேசமூர்த்தியைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, கூப்பிடும்போது மேடைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் கதர் ஜிப்பா போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேடையில் வைத்தீஸ்வரன் பேசினார். "இந்நூலுக்கு ஆசியுரை வழங்கியிருக்கிறேன். அதில் துணைத் தலைவரின் அணிந்துரையைப் பாராட்டியிருக்கிறேன். அந்த அணிந்துரை அப்போது எழுதப்படவில்லை, ஆயினும் பாராட்டினேன். அதுதான் நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் ஆன்மிகம்." கைதட்டினார்கள்.

நெடுஞ்செழியன் எழுந்து, தன் அணிந்துரையை எழுதுவதற்கு முன் தன் உள்ளம் பட்ட பாட்டை விளக்கினார். அதிலேயே பொழுது சாய்ந்துவிட்டது. பிறகு வாழ்த்துரை எழுதியவர் சிறப்புரை எழுதியவரை வாழ்த்த, சிறப்புரை எழுதியவர் தனக்கு வாழ்த்துரை எழுதத் தகுதியிருந்தும் சிறப்புரையோடு நிறுத்திக்கொண்ட தன்னடக்கத்தைக் குறிப்பிட்டார்.

கணேசமூர்த்திக்கு இடுப்பு வலித்தது. பக்கத்து மனிதரிடம் மெதுவாகக் கேட்டார்.

"நீங்களும் புஸ்தகம் கேட்டு வந்தீகளா?"

"இல்லை. எழுதினேன்."

"இந்தப் புஸ்தகத்தையா? அப்ப மேடைக்குப் போகலையா?"

"இடம் இல்லைன்னுட்டாங்க," என்றார் அவர். சொல்லிவிட்டு மறுபடியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கணேசமூர்த்தி மேடையேறினார். பொன்னாடை அவருக்குப் போர்த்தப்படவில்லை. தலைவருக்குப் போர்த்தும்போது அவர் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும்படி ஆயிற்று. புத்தகம் கைக்கு வந்தது. கனமாகத்தான் இருந்தது. அந்தக் கனமே அவருக்குத் தைரியம் கொடுத்தது.

வீட்டில் தங்கபுஷ்பம் புத்தகத்தை வாங்கி முந்தானையால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் சுவரைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்கு மறுநாளும் படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தப்பான புத்தகமாகிவிட்டது என்று கணேசமூர்த்திக்கு நிச்சயமாகிவிட்டது. கடையில் உட்கார்ந்து, வாடிக்கைக்காரருக்கு மூடி இல்லாத தூக்குவாளியைக் கட்டிக் கொடுத்தார்.

அதற்கும் அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே யாரோ மேடைப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தார்கள். தொண்டையைக் கனைக்கும் சத்தம். கரண்டியைத் தட்டும் சத்தம்.

"ஆசியுரை வழங்கிய அண்ணலின் அடிச்சுவட்டில், வாழ்த்துரை வழங்கிய வள்ளலின் வழிகாட்டுதலில், யான் எழுதிய அணிந்துரையை யானே படித்து வியந்தபோது…"

துரைராஜ் பேசுவது மாதிரியே இருந்தது.  எட்டிப் பார்த்தார். அடுப்பங்கரையில் தங்கபுஷ்பம் தோளில் துண்டோடு, ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் கரண்டியுமாக நின்றாள். அவரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இங்கேருங்க, இதக் கேளுங்க. ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, சிறப்புரை, மதிப்புரை, பதிப்புரை. எல்லாம் ஒருத்தர ஒருத்தர் பாராட்டுதாக. கடைசியில பாத்தா, பக்கம் கூடிப்போச்சாம், நூல் ரெண்டாம் பதிப்புல வருமாம். புஸ்தகத்துல புஸ்தகமே இல்லங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "துரைராஜ் பயலுக்கு மட்டும் இது கெடச்சிருந்தா இன்னைக்குப் பூரா…" என்றவள் அந்த இடத்தில் நின்றாள். கரண்டி கீழே விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கார்த்திகையில் அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து அழுதாள். கணேசமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்கும் கண் நிறைந்தது. வருத்தத்திலா சந்தோஷத்திலா என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அன்று ராத்திரி அவள் தூங்கினாள்.

நன்றி கெட்டவனாக இருக்கக் கூடாது என்று மறுநாளே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சபைக்குப் போனார். அவருடைய பேசின் ஒன்று மாடிப்படியில் சபைக்குத் தண்ணீர் பிடித்து வைக்க உதவிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நன்றிங்கய்யா. புஸ்தகத்தப் படிச்சா. சிரிச்சா, அழுதா, தூங்குனா. இன்னைக்குக் காலையில ரசத்துல உப்பு கூடிப்போச்சுன்னு அவளே சொன்னா."

சந்தானத்தின் முகம் வெளுத்தது.

"சிரிச்சாளா? சாந்தி சாகரத்தைப் படிச்சுட்டா?"

"விழுந்து விழுந்து சிரிச்சாய்யா."

"எந்தப் பக்கத்துல?"

"எல்லாப் பக்கத்துலயும்."

அன்று மாலையே அவசரக் கூட்டம். டிபன் இல்லாமல் கோரம் சேர்ந்தது சபையில் அதுதான் முதல் தடவை. கணேசமூர்த்தியை வாழைப்பழத்தோடு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வைத்தீஸ்வரன் ஆரம்பித்தார்.

"இத்தனை ஆண்டுகளாக நாம் எத்தனையோ நூல்களைப் பரிந்துரைத்திருக்கிறோம். ஒன்றாவது யாரையாவது ஏதாவது செய்ததுண்டா? ஒரு புகார் உண்டா? இன்று நம்முடைய பரிந்துரையால் ஒரு குடும்பப் பெண் சிரித்திருக்கிறார், அழுதிருக்கிறார். விளைவு ஏற்பட்டுவிட்டது. இதை வளரவிட்டால் நாளைக்கு எல்லோரும் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்."

"என் அணிந்துரையிலுமா சிரித்தார்?" என்று நெடுஞ்செழியன் எழுந்து கேட்டார்.

"அதுலதாங்க ரொம்ப," என்றார் கணேசமூர்த்தி. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் சொன்னார்.

நெடுஞ்செழியன் எழுந்தவர் முதல் முறையாகப் பேசாமல் உட்கார்ந்தார். பரிந்துரை வாபஸ் பெறப்பட்டது. மூன்று தலைகளும் ஒரே திசையில் ஆடின. வாசகர் அந்தப் பிரதியை உடனே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், அதுவரைக்கும் அவருடைய அண்டாக்களும் பேசின்களும் சபையின் பொறுப்பிலேயே இருக்கும் என்று முடிவாயிற்று. வாழைப்பழத்தை மட்டும் சபை ஏற்றுக்கொண்டது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் கணேசமூர்த்தி நின்றுகொண்டே வந்தார். அண்டா இரண்டும் கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிற அண்டா. சித்திரை முகூர்த்தம் வருகிறது. பாத்திரக்காரனுக்குப் பாத்திரம் போவது லேசில்லை. ஆனால் புத்தகத்தைக் கொடு என்று அவளிடம் எந்த வாயால் கேட்பது என்பதுதான் வழியெல்லாம் அவரைப் போட்டு அரித்தது.

தங்கபுஷ்பம் வாசல்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பங்கஜம் எதிரில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கணேசமூர்த்தி கூட்டிக் குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"புஸ்தகத்தக் குடுத்தாத்தான் அண்டா வருமாம்."

தங்கபுஷ்பம் படித்த இடம் தவறாமல் விரலை நடுவில் வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

"ரெண்டும் பெரிய அண்டாவா?"

"ஆமா. கல்யாண அண்டா."

 அவர் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள்.

"அங்கனயே இருக்கட்டும். எனக்கு இன்னும் நன்றியுரை பேசிக் காட்டப் பாக்கி இருக்கு."

சொல்லிவிட்டு அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். தொண்டையைக் கனைத்தாள். கணேசமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு, பங்கஜத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சபையோராகத் தரையில் உட்கார்ந்தார்.